பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்

ஒரு தகரப் பெட்டி. தலையில் நீளமாக ஒரு துளை. துளைக்குக் கீழே பூட்டு, பூட்டின்மேல் துணி, துணியின்மேல் அரக்கு முத்திரை. அரசு அலுவலகத் தாழ்வாரத்தின் மூலையில் கிடக்கும். கேட்டால், "டெண்டர் பெட்டி" என்பார்கள். சாலைக்குச் சல்லி யார் போடுவது, பள்ளிக்குப் பெஞ்சு யார் செய்வது, மருத்துவமனைக்குப் போர்வை யார் தருவது - மக்கள் வரிப்பணம் எவர் வீட்டு வாசலை நோக்கி நடக்கவேண்டும் என்று தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை இந்தத் தகரத்திடந்தான் நெடுங்காலம் ஒப்படைத்திருந்தது துரைத்தனம்!

பெட்டிமீது நமக்குக் கோபமில்லை. அது வாய் பேசாதது; வஞ்சகம் அறியாதது. போட்டதை வாங்கிக்கொள்ளும்; திறந்தால் கொடுத்துவிடும். நம் கோபமெல்லாம் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்மீதுதான்.

நின்றார்களா, இல்லையா, தோழர்களே? கடைசி நாள், கடைசி மணி. தாழ்வாரத்தில் பத்துப் பேர். ஒருவர் கையிலும் உறையில்லை. ஒருவருக்கும் அங்கே வேலையில்லை. உறையோடு ஒரு புதியவன் படியேறி வருவான். "என்னப்பா, நீ எங்க இந்தப் பக்கம்? இது நம்ம அண்ணனோட வேலையாச்சே!" என்பான் ஒருவன். "வீட்டுல புள்ளைங்கல்லாம் சௌக்கியமா?" என்பான் இன்னொருவன். குசலந்தான் விசாரிக்கிறான்! ஆனால் கேட்டவனுக்குக் கால் பின்வாங்கும். ஐந்து மணி அடித்துவிடும். பெட்டிக்குள் மூன்று உறைகள் விழுந்திருக்கும். மூன்றும் ஒரே கை எழுதியவை.

அதற்கும் முன்னே பல வாயிற்படிகள். டெண்டர் அறிவிப்பு, எவர் கண்ணிலும் படாத பத்திரிகையின் எவர் கண்ணிலும் படாத மூலையில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் வரும். கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்து, பஸ் ஏறி வந்து, படிவம் கேட்டால் "தீர்ந்துபோச்சு" என்பார் எழுத்தர். மறுநாள் போனால், "விக்கிறவரு லீவு." மூன்றாம் நாள் படிவம் கிடைக்கும். ஆனால் மூன்றாம் நாள்தான் கடைசி நாள்! இத்தனையும் தாண்டி உறையைப் போட்டாலும், திறக்கும்போது "எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் ஒரு தொகை, தள்ளுபடி" என்று ஒரு வரி.

நமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் உண்டு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்பு பீரோவும், மேசையும், பள்ளி டெஸ்க்கும் அடிப்பவர். ஐந்து ஆட்கள் வைத்திருக்கிறார். சனிக்கிழமை மாலை கூலி கொடுத்தபிறகு மிஞ்சுவதில்தான் அவர் வீட்டு அரிசி. பல ஆண்டுகள் அவர் செய்த டெஸ்க் அரசுப் பள்ளிக்குப் போனது. ஆனால் அரசுக்கு அவர் விற்கவில்லை. இடையில் இருந்த ஒரு பெரிய மனிதர் வாங்கினார். அவர் அரசுக்கு விற்றார். இரும்பு இவருடையது, வெல்டிங் புகை இவர் கண்ணுக்குள், ஆணி தைத்தது இவர் ஆளின் விரலில். காசோலை மட்டும் இன்னொருவர் பெயரில்! "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான்" என்று நம் பாட்டிமார் சொன்னது கோயிலுக்கு மட்டுமா பொருந்தும்?

புதுச்சேரிக்காரனுக்கு இந்தப் பூசாரி புதியவன் அல்லன். பிரெஞ்சுக் கம்பெனி இந்தக் கரையில் துணி வாங்கிய காலத்திலேயே இருந்தவன். அவனுக்கு அன்று துபாசி என்று பெயர். இரண்டு பாஷை தெரிந்தவன் என்று பொருள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் தாம் மறையும் வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். டூப்ளே துரையின் காலத்தில் தலைமைத் துபாசியாக இருந்தவர் அவர். கம்பெனி வியாபாரிகளோடு துணிக்குப் பேசிய ஒப்பந்தங்களும், முன்பணப் பேச்சுகளும், துரைமாருக்கும் துரைசானிக்கும் வைத்த காணிக்கைகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. நெய்தவன் பெயர் எத்தனை பக்கத்தில் வருகிறது? தேடிப் பார்க்கவேண்டும்! 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் ஊர் கைமாறியது. துரை போனான். துபாசி போனானா? கதர்ச் சட்டை மாட்டிக்கொண்டான்; பிறகு எந்தக் கரை வேட்டிக்கு மவுசு வந்ததோ அதைக் கட்டிக்கொண்டான். எல்லாக் கட்சியிலும் அவனுக்கு மாமன் மச்சான் உண்டு. நம் கட்சியில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறான் என்றுதான் இதை எழுதுகிறோம்.

இந்த நிலையில்தான் தகரப் பெட்டிக்குப் பதிலாகக் கணினிப் பெட்டி வந்தது. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்தது நம் அண்டைவீடு, 2003-இல் ஆந்திரம். அங்கே காண்டிராக்டர்கள் கூடிப் பேசி வேலையைப் பங்கு போட்டுக்கொள்வதும், பெட்டிக்கு அருகே அடியாட்களை நிறுத்துவதும் பழங்கதையாகச் சொல்லப்பட்டவை அல்ல. கணினியைக் கொண்டுவருவதற்கு அரசே காட்டிய காரணங்கள் அவை. பிறகு தேசியத் தகவல் மையம் 2007 முதல் ஒரு முறையை உருவாக்கி, மாநிலம் மாநிலமாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது ஓடுகிறது. நம் புதுச்சேரி அரசுக்கும் அதே முறையில் தனித்தளம் இருக்கிறது. மத்திய அரசின் இலாகாக்களுக்கு வேறொரு தளம். 2016 ஆகஸ்டில் "ஜெம்" என்ற பெயரில் அரசு மின்சந்தை ஒன்றும் திறந்தார்கள். அது வந்ததும், வெள்ளையன் காலத்திலிருந்து அரசுக்குக் கொள்முதல் செய்துவந்த பெரிய இயக்குநரகமே 2017 அக்டோபரோடு இழுத்து மூடப்பட்டது. முதல் ஆண்டில் அந்தச் சந்தையில் நடந்த கொள்முதல் 422 கோடி ரூபாய். 2023-24-இல் 4 லட்சம் கோடியைத் தாண்டியது! சந்தைக்கு இடமே மாறிவிட்டது, தோழர்களே. பழைய இடத்தில் கூடை விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கு ஈ ஓட்டத்தான் வேலை.

இதனால் பொருள் கொடுப்பவனுக்கு என்ன இலாபம்? "கம்ப்யூட்டர் வந்தா ஆளுக்கு வேலை போகும்" என்றே கேட்டுப் பழகிய நம் தோழர்கள், இதில் ஒரு நன்மையும் இராது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

முதலில், மூலையில் ஒளிந்த அறிவிப்பு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. எந்த இலாகா, என்ன வேலை, எவ்வளவு மதிப்பு, எந்த நாள் முடிவு என்பதைப் பாகூரில் உட்கார்ந்திருப்பவனும் பார்க்கலாம், பாரிசில் உட்கார்ந்திருப்பவனும் பார்க்கலாம். படிவம் "தீர்ந்துபோவது" என்ற அதிசயம் இனி இல்லை. கணினிப் படிவத்துக்கு லீவு கிடையாது. அதற்கு மாமூலும் தெரியாது.

அடுத்தது தூரம். நம் மாநிலத்தைப்போல் நான்கு துண்டாகக் கிடக்கும் நிலம் வேறு எங்கே உண்டு? காரைக்கால் காவிரி முகத்தில். மாஹே மேற்குக் கரையில், மலையாளத்தின் மடியில். ஏனாம் கோதாவரிக் கரையில், தெலுங்கின் மடியில். தலைநகரிலிருந்து ஒரு டெண்டர் என்றால், மாஹேக்காரன் படிவம் வாங்க ஒரு பயணம், உறை போட ஒரு பயணம், திறப்பதைப் பார்க்க ஒரு பயணம். மூன்று தடவை மலை தாண்டி வந்து, தோற்றுத் திரும்பிப் போகவேண்டும். எவன் வருவான்? வரமாட்டான் என்பதுதானே இங்கே இருந்தவர்களுக்கு வசதி! இன்று அவன் தன் கடையில் உட்கார்ந்தே விலை குறிக்கலாம். தாழ்வாரத்தில் நின்ற பத்துப் பேர் யாரை மறிப்பார்கள்? எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "புள்ளைங்க சௌக்கியமா" என்று கேட்பார்கள்?

மூன்றாவது இரகசியம். இதைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும், ஏனென்றால், "இன்ஜினீயர் முதல்லயே திறந்து பார்த்து, வேண்டியவனுக்குச் சொல்லிட மாட்டாரா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நாம் குறிக்கும் விலை, நம் கணினியைவிட்டுக் கிளம்பும்போதே பூட்டப்பட்டுவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஓர் அதிகாரி போதாது. பெயர் குறிக்கப்பட்ட அதிகாரிகளில் குறைந்தது இருவர், தத்தம் மின் சாவியோடு, குறித்த நேரத்துக்குப் பிறகுதான் திறக்கமுடியும். முதல் உறையில் தகுதி. இரண்டாம் உறையில் விலை. தகுதி தேறாதவனின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. ஐந்து மணி என்றால் சர்வரின் கடிகாரத்துக்கு ஐந்து மணி. சூப்பிரண்டெண்டு கைக்கடிகாரத்துக்கு அல்ல. "அண்ணன் வந்துக்கிட்டிருக்காரு, அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்ற பேச்சு அங்கே எடுபடாது. கூட்டல் கழித்தலைக் கணினியே போட்டு, எண்ணை எழுத்தாகவும் அதுவே எழுதிவிடுவதால், "எண்ணில் ஒன்று எழுத்தில் ஒன்று" என்று தள்ளும் தந்திரமும் செத்தது. நேரம் முடியும் வரை விலையைத் திருத்தவும் செய்யலாம். முடிவு வந்தபின், யார் என்ன விலை குறித்தார், யாருக்குக் கிடைத்தது என்பதைத் தோற்றவனும் பார்க்கிறான். தோற்றாலும் எவ்வளவில் தோற்றோம் என்று தெரிந்தால்தானே அடுத்த தடவை இரும்பை எங்கே மலிவாக வாங்குவது என்று யோசிப்பான்?

இது நம் வாய்ச்சொல் மட்டுமன்று. பெஞ்சமின் ஓல்கன், ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலறிஞர் நால்வர், இந்தியாவில் கிராமச் சாலைத் திட்டத்தையும் இந்தோனேசியாவில் பொதுப்பணிகளையும் எடுத்து ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். கணினி டெண்டர் வந்த இடங்களில் அரசு கொடுத்த விலை குறைந்ததாகச் சான்று இல்லை என்றார்கள். ஏமாற்றந்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வெளிப்பகுதியைச் சேர்ந்த காண்டிராக்டர்கள் அதிகமாக வென்றார்கள். இந்தியாவில் சாலையின் தரம் உயர்ந்தது. இந்தோனேசியாவில் தாமதம் குறைந்தது என்றும் கண்டார்கள். அதாவது, ஊரை வளைத்து வைத்திருந்தவனின் வேலி சாய்ந்தது. வேலை தெரிந்தவன் உள்ளே வந்தான். அரசுக்குப் பணம் மிச்சமாகிறது என்றுதான் அதிகாரிகள் மேடைதோறும் பேசுகிறார்கள். நமக்கு அதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஐயர் இல்லாமல் கல்யாணம் நடக்குமா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். நடத்திக் காட்டினோம், 1967-இல் அண்ணாவின் ஆட்சி தமிழ்நாட்டில் அதற்குச் சட்டமும் செய்தது. தரகன் இல்லாமல் டெண்டர் நடக்குமா என்று இன்று கேட்கிறார்கள். நடக்கும். நடக்கும்படி நாம் செய்தால்!

ஏன் "செய்தால்" என்கிறோம்? தரகன் ஏமாளி அல்லன். தாழ்வாரத்தை விட்டவன், தெருமுனைக் கணினி மையத்துக்குக் குடிபோய்விட்டான். அந்தக் கதையையும் கேளுங்கள்.

கணினி டெண்டருக்கு ஒரு மின் கையொப்பம் வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதற்குக் கையெழுத்துக்கு உள்ள மதிப்பைக் கொடுத்திருக்கிறது. கட்டைவிரல் அளவு ஒரு சிறு கருவி. அதற்கு ஓர் இரகசிய எண். அவ்வளவுதான். நம் பட்டறைக்காரர் அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? வாங்கிக் கொடுத்த மையத்துப் பையனிடமே கொடுத்துவைத்தார்! இரகசிய எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அதிலேயே சுற்றி வைத்தார்! "நமக்கு எங்கேங்க இதெல்லாம் தெரியும்? அவன் பார்த்துப்பான்." அவன் மேசை இழுப்பறையில் அப்படி இருபது சாவிகள். எந்தக் காண்டிராக்டர் அவனுக்கு வேண்டியவரோ அவருக்குப் போட்டியாக, மற்ற சாவிகளால் அவனே கூடுதல் விலை குறித்துவிடுவான். தான் ஒரு டெண்டரில் கலந்துகொண்டு தோற்றதே நம் பட்டறைக்காரருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது! கையெழுத்து அவருடையது, கை வேறொருவனுடையது.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் சங்கதி என்று எண்ணவேண்டாம். தமிழ்நாட்டின் டெண்டர்களை ஆய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2023-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. எதிர் எதிர்ப் போட்டியாளர் என்று வந்தவர்கள் ஒரே இணைய முகவரியிலிருந்து விலை அனுப்பியிருப்பதை அது சுட்டிக்காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் கதை இன்னும் மேலே போயிற்று. பூட்டிய விலையையே உள்ளே புகுந்து மாற்றினார்கள் என்று 2018-இல் புகார் எழுந்து, 2019 ஏப்ரலில் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. இதைக் காட்டி, "பாருங்கள், பழைய பெட்டியே மேல்" என்று சிலர் பாடத் தொடங்கியிருக்கிறார்கள். யார் பாடுகிறார்கள் என்று கவனியுங்கள்! தாழ்வாரத்து மிரட்டலை எந்தத் தணிக்கையர் எந்த ஏட்டில் கண்டுபிடித்தார்? மூன்று உறையை ஒரே கை எழுதினால், உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டதும் சாட்சி போயிற்று. கணினியில் செய்த களவு தடம் விட்டுவிட்டுப் போகிறது. எந்த நாள், எந்த மணி, எந்த இயந்திரம் என்று ஐந்தாண்டு கழித்தும் அது சொல்கிறது. கால்தடம் பதியும் மணலில் திருடன் நடக்கிறான் என்பதற்காக மணலை அள்ளிக் கொட்டிவிடச் சொல்வார்களா?

அடுத்தது மொழி. நமக்கு இது நெஞ்சில் தைக்கும் முள். சில ஆயிரம் ரூபாய்த் துடைப்பம் வாங்கும் டெண்டராயிருந்தாலும் நிபந்தனைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கின்றன. துடைப்பம் கட்டுகிறவள் தமிழச்சி, துடைப்பதும் தமிழ்நிலம், நிபந்தனை மட்டும் ஏன் இலண்டன் நீதிமன்றத்துக்குப் போவதுபோல்? துபாசி என்றால் இரு பாஷை தெரிந்தவன் என்றோமே, பாஷை புரியாத இடத்தில்தான் அவன் பிழைப்பு. புதுச்சேரி அரசுக்கு நாம் வைக்கும் முதல் கோரிக்கை இது: எந்த டெண்டராயினும் அதன் சாரத்தை - என்ன பொருள், என்ன தகுதி, என்ன வைப்புத்தொகை, எந்த நாள் - இரண்டு பக்கத் தமிழில் அதே தளத்தில் வையுங்கள். மாஹேக்கு மலையாளத்தில், ஏனாமுக்குத் தெலுங்கில் வையுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். வேலையில்லாத தமிழ்ப் பட்டதாரிகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

வைப்புத்தொகையைப் பற்றியும் ஒரு சொல். டெண்டர் மதிப்பில் 100-க்கு 2 முதல் 5 வரை முன்வைப்பாகக் கேட்பது வழக்கம். 10 லட்ச ரூபாய் வேலைக்கு 20,000-இலிருந்து 50,000 வரை. கந்துவட்டிக்கு வாங்கி அதைக் கட்டியவர்களை நாம் அறிவோம். ஆனால் மத்திய அரசின் இலாகாக்களும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு, குறுந்தொழில்களிடம் இந்த வைப்புத்தொகையையும் டெண்டர் கட்டணத்தையும் கேட்கக்கூடாது என்று 2012-இலேயே ஆணை பிறந்துவிட்டது! அந்த ஆணை இதோடு நிற்கவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் வாங்குவதில் குறைந்தது 100-க்கு 20 சிறு, குறுந்தொழில்களிடம் வாங்கவேண்டும் என்றது. 2018-இல் அதை 25 ஆக்கினார்கள். அதற்குள் 4 பங்கு தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு. 3 பங்கு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. குறைந்த விலை குறித்த பெரிய கம்பெனியைவிட 100-க்கு 15 வரை கூடுதலாகக் குறித்த சிறுதொழில்காரன்கூட, அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால், அவனுக்கும் ஒரு பங்கு தரவேண்டும். ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசினுடையது; நம் ஊர் நடுவில் நிற்கிறது. அதற்குத் தினமும் எத்தனை பொருள் வேண்டும்! தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இந்த ஆணை தெரியும்? பதிவுச் சீட்டு இருந்தால் போதும். அதைக் கணினியிலேயே கட்டணமின்றி வாங்கலாம். வகுப்புவாரி உரிமைக்கு மேடை மேடையாக முழங்கிய நாம், கொள்முதலில் அது 4 பங்காக வந்து வாசலில் நிற்பதை உள்ளே அழைக்க மறந்துவிட்டோம். இதில் வெட்கப்படவேண்டியது துரைத்தனம் மட்டும் அல்ல.

சரி, டெண்டர் கிடைத்தது, பொருளும் போயிற்று. பணம்?

இங்கேதான் கணினி சட்டென்று ஊமையாகிவிடுகிறது. டெண்டரை மின்னல் வேகத்தில் திறந்தவர்கள், பில்லை மாட்டுவண்டியில் அனுப்புகிறார்கள். மேசைக்கு மேசை நகர, ஒவ்வொரு மேசையிலும் எண்ணெய் கேட்கிறது சக்கரம். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும், தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. முறையிடுவதற்கு 2017-இல் "சமாதான்" என்று ஒரு தளமும் திறந்தார்கள். ஆனால் முறையிடுகிறவன் யார்? "கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் வராதுங்க" என்கிறார் நம் பட்டறைக்காரர். ஐந்து பேருக்குக் கூலி கொடுப்பவர் அவர். அவருடைய அச்சத்தை நாம் கேலி செய்யமாட்டோம். பில் எந்த மேசையில், எத்தனை நாளாக, எந்த அதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது என்பதையும் டெண்டர் விலையைப்போலவே தளத்தில் காட்டவேண்டும் என்பது நம் இரண்டாவது கோரிக்கை. காட்டமுடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை. வேறு காரணங்கள் இருக்கலாம்.

2025 மார்ச்சில் காரைக்காலில் நம் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரையும், செயற்பொறியாளர் ஒருவரையும், காண்டிராக்டர் ஒருவரையும் இலஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்ததைப் படித்தீர்கள் அல்லவா? குற்றமா இல்லையா என்று சொல்லவேண்டியது நீதிமன்றம், நாம் அல்ல. நாம் அதில் கவனித்தது ஒன்றே ஒன்று. கணினி டெண்டர் நடைமுறைக்கு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் இப்படி ஒரு புகார் எழ இடமிருக்கிறதென்றால், பெட்டியை மாற்றியவர்கள் மேசையை மாற்றவில்லை.

தொழிலாளத் தோழர்கள் கேட்கலாம்: "இதெல்லாம் முதலாளி சமாசாரம், எங்களுக்கென்ன?" என்று. உங்களுக்குத்தான் அதிகம்! ரோடியர் மில் 2020-இல் மூடியபிறகு, அங்கே தறியடியில் நின்றவர்களின் பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள்? பெரிய ஆலையிலா? ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் இந்தப் பட்டறைகளில்தான். இடையில் இருந்தவன் தின்றது பட்டறைக்காரரின் இலாபத்தை மட்டுமா? உங்கள் சனிக்கிழமைக் கூலியையும் சேர்த்துத்தான்.

ஆனால் ஒன்றில் நமக்குக் கணினிமீது சந்தேகம் உண்டு, அதை மறைக்கமாட்டோம். குறைந்த விலைக்காரனுக்கே கொடு என்பது அதன் வேதம். பீரோவுக்கு அது சரி. ஆட்களைக் கொடுக்கும் டெண்டரில் - ஆஸ்பத்திரிக்குத் துப்புரவாளர், அலுவலகத்துக்குக் காவலாளி - குறைந்த விலை என்றால் என்ன? குறைந்த கூலி! மின்சந்தையில் எதிர் ஏலம் என்று ஒன்று உண்டு. ஒருவன் இறக்க, மற்றவன் இன்னும் இறக்க, விலை படியிறங்கிக்கொண்டே போகும். கடைசிப் படியில் யார் நிற்கிறார்? துடைப்பத்தோடு ஒரு பெண் நிற்கிறாள். குறைந்தபட்சக் கூலி, சேமநல நிதி, காப்புறுதி - இவை மூன்றையும் கூட்டி வரும் தொகைக்குக் கீழே எவன் விலை குறித்தாலும், அந்த இடத்திலேயே கணினி அவனைத் தள்ளவேண்டும். காண்டிராக்டர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்தவரே தரவேண்டும் என்று 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே எழுதிவைத்தது. 1936 ஜூலை 30-இல் ஆலை வாசலில் 12 தொழிலாளரைத் துப்பாக்கிக்குக் கொடுத்து எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் இது. இங்கே வந்து, கூலியை ஏலம் போட எந்த இயந்திரத்துக்கும் உரிமை இல்லை.

இனி நாம் செய்யவேண்டியது. மகஜர் எழுதுவதும், சட்டமன்றத்தில் பேசச் சொல்வதும் ஒரு பக்கம் நடக்கட்டும். ஒவ்வொரு வட்டத்திலும் நமக்கு ஒரு படிப்பகம் இருக்கிறது. ஒரு காலத்தில் எழுத்தறியாத தோழர்களுக்கு ஏட்டை உரக்கப் படித்துக் காட்டிய இடம் அது. இன்று பல படிப்பகங்களில் கேரம் பலகைதான் இருக்கிறது. இருக்கட்டும், அதன் பக்கத்தில் ஒரு கணினி வையுங்கள். மாலை ஆறு மணிக்குப் படித்த தோழர் ஒருவர் உட்காரட்டும். அன்று வந்த டெண்டர்களைப் புதுச்சேரித் தளத்திலும் மத்திய தளத்திலும் பார்த்து, தச்சு, இரும்பு, தையல், அச்சு, சமையல், வண்ணம் என்று பிரித்துத் தமிழில் எழுதிக் கரும்பலகையில் போடட்டும். பட்டறைக்காரர் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்கவேண்டாம். விலையை அவரே குறிக்கட்டும். நாம் எட்டிப் பார்க்கக்கூடாது. சாவி அவர் சட்டைப்பையில் இருக்கட்டும், இரகசிய எண் அவர் நினைவில் இருக்கட்டும். கடைசி நாள் மாலை வரை காத்திருக்கவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். கரண்டு போனாலும் சர்வர் கடிகாரம் நிற்காது. இந்தச் சேவைக்காக எவனாவது தோழர் ஐந்து ரூபாய் வாங்கினான் என்று தெரிந்தால், அவன் பெயரைக் கிளைச் செயலாளர் நமக்கு எழுதி அனுப்பட்டும்.

நம் பட்டறைக்காரர் மையத்திலிருந்து தம் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார். நேற்று மாலை வந்து, "அந்த டெஸ்க் டெண்டர் எப்போங்க வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.